டர்பன் வாகன ஏலக் கூடங்கள்: எஞ்சினுக்கு முன் சொற்களைப் பாருங்கள்

தவணை நின்றதால் வங்கி மீட்ட கார்கள், கம்பெனிகள் ஓட்டிக் கழித்த பேக்கி (பிக்கப்) வண்டிகள், காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய விபத்து வண்டிகள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டார ஏலக் கூடங்களுக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். ஷோரூமைவிடக் குறைந்த விலைக்கு எடுக்க முடியும். வண்டியைத் தானே சோதிக்கத் தெரிந்தவருக்கும் முழுப் பணமும் கையில் இருப்பவருக்கும் இது நல்ல சேவை. ஆனால் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து முதல்முறை போகிறவர்கள் சறுக்குவது எஞ்சினில் மட்டுமல்ல, விதிமுறைத் தாளில் உள்ள ஆங்கிலச் சொற்களிலும்தான்.

முதல் குழப்பம் நம் மொழியிலிருந்தே வருகிறது. தமிழில் ஏலம் எடுக்க வந்தவர் ‘கேட்கிறார்’. ஆங்கிலத்தில் அவர் ‘பிட்’ செய்கிறார். கேட்பது, அதாவது ‘ஆஸ்க்’, விற்பவர் பக்கத்துச் சொல். ஆகவே ‘ஆஸ்கிங் பிரைஸ்’ என்றால் விற்பவர் எதிர்பார்க்கும் விலை. யாரோ அந்தத் தொகைக்குக் கேட்டுவிட்டார்கள் என்று பொருளில்லை. ‘ஓப்பனிங் பிட்’தான் முதல் கேள்வி. இறந்தகாலத்திலும் ‘பிட்’ ‘பிட்’டாகவே நிற்கும், ‘பிட்டெட்’ என்பது பிழை. ‘பிட் ஃபார்’, ‘பிட் ஆன்’ இரண்டும் இங்கே ஒரே பொருளில் வழங்குகின்றன. கைபேசியில் ‘யூ ஹேவ் பீன் அவுட்பிட்’ என்று செய்தி வந்தால் உங்களை இன்னொருவர் மிஞ்சிவிட்டார். ‘நாக்ட் டவுன்’ என்றால் விலை இறங்கியது அல்ல. ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ முடிந்து சுத்தியல் விழுந்துவிட்டது.

அந்தச் சுத்தியல் விலை, ‘ஹேமர் பிரைஸ்’, நீங்கள் கட்டும் விலை அல்ல. வாங்குபவர் கூடத்துக்குத் தரும் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (கூடத்துக்குக் கூடம் மாறும்). 100,000 ராண்டுக்கு எடுத்தால் கமிஷன் 10,000, அதன்மேல் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 1,500, மொத்தம் 111,500. விலைக்குப் பக்கத்தில் ‘பிளஸ் வாட்’ என்றும் இருந்தால் சுத்தியல் விலைக்கும் வாட் உண்டு: இன்னும் 15,000 ஏறி 126,500. பத்திரக் கட்டணம் தனி. எனவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கையில் 120,000 இருந்தால் முதல் வகையில் அதை 1.115ஆல் வகுத்து 107,000இல் நிறுத்த வேண்டும். ‘பிளஸ் வாட்’ வகையில் 1.265ஆல் வகுத்து 94,000இல். இந்த எண்ணை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளாமல் உட்காரக் கூடாது. ஏலக்காரர் பேசும் வேகத்தில் மனக்கணக்கு ஓடாது.

‘ரிசர்வ்’ என்பது விற்பவர் உள்ளுக்குள் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை. சட்டத்தில் அதற்கு ‘அப்செட் பிரைஸ்’ என்றும் பெயர். வருத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 45ஆம் பிரிவு, ரிசர்வ் இருந்தால் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது. விற்பவரோ அவர் சார்பில் வேறொருவரோ ஏலம் கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டால் அதையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கேட்கக் கூடாது. அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரி உண்டு: சுத்தியல் விழும்வரை நீங்கள் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். ஒரு பூஜ்யம் கூடிப்போனால் அந்தக் கணமே வாய் திறக்க வேண்டும்.

அதிகம் கசப்பைத் தருவது ‘சப்ஜெக்ட் டு கன்ஃபர்மேஷன்’, அதாவது விற்பவர் உறுதிசெய்தால்தான் விற்பனை. சுத்தியல் விழுந்துவிடும், கைதட்டக்கூடச் செய்வார்கள். வண்டி இன்னும் உங்களுடையது அல்ல. அதை விற்கும் வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான காலக்கெடு முடியும்வரை நீங்கள் கட்டுண்டிருக்கிறீர்கள், வங்கி கட்டுண்டிருக்கவில்லை. முன்பணமும் அங்கேயே கிடக்கும். அந்த நாட்களில் இன்னொரு வண்டிக்குக் கேட்டு இரண்டும் உறுதியானால் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதுதான். கெடு எத்தனை மணி நேரம் என்று பதிவு மேசையிலேயே கேளுங்கள். இதைப் பெரிய எழுத்தில் போடாத கூடங்களை எந்தத் தயக்கமுமின்றிக் குறை சொல்லலாம்.

‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ டச்சு வழிவந்த சொல். காலால் தள்ளிவிடுவது என்ற பொருளில் பிறந்தது. இருக்கிற கோலத்தில் எடுத்துக்கொள், பிறகு வராதே என்பதே அதன் சாரம். டீலரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பும் உரிமை சட்டத்தில் உண்டு. ஏலத்தில் வாங்கியதற்கு அந்தத் தரப் பாதுகாப்பு கிடையாது. 55ஆம் பிரிவு ஏலத்தை வெளியே நிறுத்திவிட்டது. அதனால் ஏலத்துக்கு முன் வண்டிகளைப் பார்க்க விடும் பார்வை நாள்தான் உங்கள் ஒரே உத்தரவாதம். பெரும்பாலும் ஸ்டார்ட் செய்ய விடுவார்கள், ஓட்ட விட மாட்டார்கள். டார்ச், காந்தம், ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) மூன்றும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டின்மேல் பட்டி பூசியிருக்கலாம். சேசிஸ் எண்ணும் ஆவண எண்ணும் ஒத்துப்போகின்றனவா, எத்தனை சாவி இருக்கிறது என்றும் பாருங்கள்.

பட்டியலில் ‘கோட்’ என்ற கட்டத்தைத் தவறவிடாதீர்கள். 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. 3 திரும்பக் கட்டப்பட்டது. சாலையில் ஓட்டலாம், ஆனால் காப்பீடும் மறுவிற்பனையும் அடிவாங்கும். 3ஏ உதிரிபாகங்களுக்கு மட்டும், மீண்டும் பதிவாகாது. 4 நிரந்தரமாக அழிக்கப்பட்டது. மலிவாக இருக்கிறதே என்று 3ஏ வண்டியைப் பிடித்தால் கையில் மிஞ்சுவது இரும்பு.

இணையவழி ஏலம் வசதிதான். கடைசி நொடியில் இணைப்பு அறுந்தால் பொறுப்பு யாருடையது என்பதை விதியில் பாருங்கள். ‘மேக்ஸிமம் பிட்’ போட்டால் அந்த உச்சம்வரை கணினி உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றும். நகராட்சி விளம்பரத்தில் வரும் ‘பிட்’ வேறு: அது மூடிய உறையில் ஒரே முறை தரும் ஒப்பந்தப்புள்ளி, விலை குறையக் குறைய அங்கே மதிப்பெண் கூடும்.

பணம் கட்டியபின் வண்டியை எடுக்கும் கெடு தவறினால் நாள்வாடகை ஓடத் தொடங்கும். கண்ணாடியில் ஒட்டும் வண்டி உரிம வட்டு (லைசன்ஸ் டிஸ்க்) காலாவதியாகியிருந்தால் ஓட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. தற்காலிக அனுமதியோ இழுவை வண்டியோ வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். கூடம் தருவதாகச் சொன்னால் அதன் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.