ஆறு பேருக்குப் படுக்கை, 150 லிட்டர் தண்ணீர்: யூகானில் ஒரு மோட்டார் ஹோம்

நெய்வேலியில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான், கனடாவின் எட்மண்டனில் இருக்கும் மகன் வாங்கிய 27 அடி நீளப் பழைய மோட்டார் ஹோமில் (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி), மனைவியோடும் அவனோடும் இரண்டு கோடைகாலங்களில் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெற்றோர் பலர் இந்த வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியால் பயன் இல்லை என்பது, இரண்டாவது கோடையில் மனைவியின் அக்காவும் சகலையும் புதுச்சேரியிலிருந்து வந்து எங்களோடு 9 நாட்கள் தங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

முதல் கோடையில் நாங்கள் மூவர் மட்டுமே. டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை 2,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அலாஸ்கா நெடுஞ்சாலை, 1942ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் சில மாதங்களில் வெட்டிய பாதை. இன்று பெரும்பகுதி நல்ல தார்ச்சாலைதான். அந்தச் சாலை கடக்கும், கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகான் பிரதேசம் தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் கூடுதலான பரப்புடையது. மக்களோ 50,000 பேர்கூட இல்லை. பல மணி நேரம் ஓட்டினாலும் ஒரு கடையோ கைபேசிச் சிக்னலோ இல்லாத அந்தச் சாலையில், சமையலறை, கழிப்பறை, கணப்பு எல்லாம் முதுகுக்குப் பின்னாலேயே வருவது பெரிய நிம்மதி. அந்த ஆண்டு வண்டியில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. முன்கண்ணாடியில் எதிரே வந்த லாரி தெறித்த கல் ஒன்று விழுந்ததை வண்டியின் குறை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கோடையில், வான்கூவர் வழியாக யூகானின் தலைநகர் ஒயிட்ஹார்ஸில் வந்து இறங்கினார்கள் விருந்தினர். ஜூன் மாதம், சூரியன் மறைய இரவு பதினொன்றரை ஆகும். முதல் நாள் இரவு பத்து மணிக்கு அக்கா, "விளக்கு வைக்கிற நேரமே வரலையே, எப்படிப் படுக்கிறது?" என்று கேட்டு உட்கார்ந்திருந்தார். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. தண்ணீர்ச் சிக்கல் அவ்வளவு எளிதில் தீரவில்லை.

எங்கள் வண்டியின் நன்னீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டியும் மலக்கழிவுக்கு ஒரு தொட்டியும் தனித்தனியே உண்டு. இரண்டையும் அதற்கென உள்ள இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். மூவருக்கு நான்கு நாட்கள் வந்த தண்ணீர், மறுநாள் வெள்ளிக்கிழமை அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் அன்று மாலையே தீர்ந்தது. வெந்நீர்க் கொதிகலன் 23 லிட்டர்தான் பிடிக்கும். தலையில் சீயக்காய் இருக்கும்போதே அது தீர்ந்து பச்சைத் தண்ணீர் கொட்ட, சற்று நேரத்தில் பம்பும் வறண்டு இரையத் தொடங்கியது. வண்டியை நிறுத்தித் தங்குவதற்கான யூகான் அரசின் முகாம்களில் விறகு இலவசம், குழிக் கழிப்பறை உண்டு; ஆனால் வண்டியில் இணைக்கக் குழாயோ மின்சாரமோ கிடையாது. கைப்பம்பில் அடித்து மகன் வாளி வாளியாகத் தூக்கி வந்தான்.

வழி சொன்னவரும் அக்காதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பின், மின்சாரமும் மோட்டாரும் இல்லாமல் ஒரு குடும்பத்தை ஓட்டியவர் அவர். ஷவரைத் தொடக்கூடாது, ஒருவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 6 லிட்டர், பிளாஸ்டிக் வாளியில் சொம்பு போட்டுக் குளிக்க வேண்டும், தட்டுகளை முதலில் காகிதத்தால் வழித்த பிறகே கழுவ வேண்டும், முகாமில் நிற்கும்போது வெளிக் கழிப்பறைதான். குடிக்கும் நீரைத் தனிக் கேன்களில் வைத்துக்கொண்டோம். அதன் பிறகு ஐந்து பேருக்கு அதே தொட்டி மூன்று நாட்கள் வந்தது. கழிவுத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் விளக்குகளை மட்டும் யாரும் நம்ப வேண்டாம்; எங்கள் வண்டியில் அது காலியான தொட்டியையும் முக்கால் என்றே காட்டும். நாட்களை எண்ணிக்கொள்வதே உத்தமம்.

சமையலில் சொல்ல இரண்டு செய்திகள் உள்ளன. வெளியே 5 டிகிரி இருக்கும் இரவில் இட்லி மாவு புளிக்காது. கணப்பின் வெப்பக் காற்று வரும் துளைக்கு அருகே பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். அடுத்தது, புரோபேன் வாயுவில் ஓடும் குளிர்பதனப் பெட்டி வண்டி சாய்வாக நின்றால் சரியாக வேலை செய்யாது. குளுவானி ஏரி நன்றாகத் தெரிய வேண்டும் என்று சரிவில் நிறுத்தி, ஒரு டப்பாத் தயிரும் மீனும் கெட்ட பிறகு, அக்கா தோசைக்கல்லைச் சுட்டிக்காட்டினார்: ஊற்றிய எண்ணெய் முழுதும் ஒரு மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் கீழே பலகை வைத்து, எண்ணெய் நடுவில் நிற்கும் வரை வண்டியை நிமிர்த்தினோம். அவர் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை மட்டும், கரடி நடமாடும் அந்தக் கரையில் பிரிக்கவே நான் விடவில்லை. அதற்கான வருத்தம் இன்றும் இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த சகலைக்குக் ஆங்கிலமும் பிரெஞ்சும் அச்சிட்ட கனடாவின் பொருள் உறைகள் பெரும் மகிழ்ச்சி. கழிவுத் தொட்டியில் ஊற்றும் மருந்துப் புட்டியைக்கூடப் பிரெஞ்சுப் பக்கம் திருப்பித்தான் படிப்பார். ஏரியின் தென்கரையில் புழுதி பறப்பதைப் பார்த்து அவர் காரணம் கேட்டார். 2016இல் காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதில், அதன் உருகுநீர் ஸ்லிம்ஸ் ஆற்றை விட்டு வேறு ஆற்றுக்குத் திரும்பிவிட்டது. ஸ்லிம்ஸ் வற்றி, ஏரியின் மட்டமும் தாழ்ந்தது. அந்தப் புழுதி கூரைக் காற்றுத்துளை வழியாக எங்கள் படுக்கை வரை வந்தது. அதற்கு மேற்கே, ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் நிலம் இளகிச் சாலை அலை அலையாக எழும் பகுதியில் பின்படுக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். சகலை இருமுறை கூரையில் தலை இடித்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் தங்கையின் குடும்பம் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியில் இருவருக்கு மட்டும் இடம் என்றும், மற்ற இருவருக்கு ஒயிட்ஹார்ஸில் அறை என்றும் எழுதிவிட்டேன். 20 லிட்டர் கேன் மூன்று வாங்கி வைக்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன். சொம்பு இங்கிருந்து போகும்.