சீனிக் கிளினிக்கில் ஒரு போன் நம்பர்

இந்த முறை நோர்வேயிலிருந்து இலங்கைக்கு வந்தபோது, ஊரில் பஸ், பாங்க், பாஸ்போர்ட் அலுவல் எல்லாம் பிழையில்லை. அவற்றை விடுவோம். என்னை எழுத வைத்தது அம்மாவின் சீனிக் (நீரிழிவு) கிளினிக்.

விடியவே கொப்பியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து இடம்பிடிக்கிற வழக்கம் அப்படியே இருக்கிறது. புதிதாக மிஸ்ஸியின் (தாதியின்) மேசையில் ஒரு டப், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினி. எனக்குச் சந்தோஷம். ஒஸ்லோவில் டொக்டர் கணினியில் எழுதிவிட்டால் எந்த மருந்துக்கடையிலும் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். இங்கேயும் அந்தக் காலம் வந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர், அடையாள அட்டை எல்லாம் போட்டாயிற்று. அப்புறம் போன் நம்பர். அம்மாவிடம் போன் இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். +47 இல் தொடங்கும் என் நோர்வே நம்பரைச் சொன்னேன்; அதையும் ஏற்கவில்லை. மிஸ்ஸி சிரித்துக்கொண்டே தன் நம்பரை அடித்தார்.

"போன் இல்லாத அம்மாமார் எல்லாருக்கும் என்ர நம்பர்தான் அண்ணை. அவையின்ர கிளினிக் திகதி மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது."

சேமிக்கப் போக, சிக்னல் போய்விட்டது. அடித்ததும் அதோடு போயிற்று. நல்லகாலம், எல்லாவற்றையும் அவர் முதலே கொப்பியில் பேனையால் எழுதியிருந்தார். ஒரே விபரம், இரண்டு தரம், வெளியே நீண்ட வரிசை!

அது என்ன மென்பொருளோ, நான் கேட்கவில்லை. ஆனால் சிக்னல் இல்லாதபோது கருவியிலேயே வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்புகிற முறை எப்போதோ வந்துவிட்டது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட, சுகாதாரத் தகவல்களைத் திரட்டும் மென்பொருளான டி.எச்.ஐ.எஸ்.2 இன் ஆண்ட்ராய்ட் செயலி அப்படித்தான் வேலை செய்கிறது. 2020 தொடக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவோரைக் கொரோனாவுக்காகக் கண்காணிக்க இலங்கையில் அதே டி.எச்.ஐ.எஸ்.2 ஐ வைத்துத்தான் ஒரு முறையை அமைத்தார்கள். அதைப் பார்த்துப் பிறகு நோர்வேயின் உள்ளூராட்சிகளே தொற்றுத் தொடர்புகளைத் தேட அந்த மென்பொருளை எடுத்தன. இதை அங்கே சொன்னால் வெள்ளைக்காரர் நம்பமாட்டார்கள். அப்படிச் செய்து காட்டிய நாட்டில், ஒரு வயதான மனுசியிடம் போன் இல்லாமலும் இருக்கலாம் என்பது படிவம் செய்தவருக்குத் தோன்றவில்லை.

சரி, அன்றைக்கே டொக்டர் பார்த்தார், மருந்தும் கிடைத்தது, ஒரு சதம் செலவில்லை. நோர்வேயில் விசேட வைத்தியரைக் காண மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். அதில் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் அந்தக் கட்டத்தில் 'போன் இல்லை' என்று ஒரு தெரிவும், மகளின் அல்லது பக்கத்து வீட்டாரின் நம்பர் என்று குறிக்க ஓர் இடமும் வைக்கலாமே. தெரிந்தவருக்கு ஒரு பின்னேர வேலை.