வைஃபையைக் கேபிளில் இறக்கிப் பகிர்ந்தால் தேறுமா? விண்டோஸ் ஷேரிங் வசதி, என் பார்வையில்

வைஃபை கார்டு இல்லாத பழைய டெஸ்க்டாப், ரவுட்டர் இருப்பதோ வேறு அறையில், சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கவும் வழியில்லை. பக்கத்தில் வைஃபையில் ஓடும் லேப்டாப் மட்டும் இருந்தது. யூஎஸ்பி அடாப்டர் வாங்குவதற்கு முன், ஒரு கணினியின் இணையத்தை இன்னொன்றுக்குக் கொடுக்க விண்டோஸிலேயே இருக்கும் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை ஒரு கை பார்க்கலாம் என்று இறங்கினேன். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே கூட வரும் சங்கதி இது, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம்.

சாதாரண லேன் கேபிள் ஒன்று போதும். ஒரு காலத்தில் இதற்கென்று உள்கம்பிகளை இடம்மாற்றிக் கோத்த கிராஸ்ஓவர் கேபிள் தேட வேண்டும், இப்போதைய கிகாபிட் போர்ட்டுகள் அதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. லேப்டாப்பில் வைஃபையின் பிராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங், முதல் பெட்டியில் ஒரு டிக், அவ்வளவுதான். நான் அவசரத்தில் அந்த டிக்கை ஈதர்நெட்டின், அதாவது கேபிள் இணைப்பின், பிராப்பர்ட்டீஸில் போட்டுத் தொலைத்தேன். டெஸ்க்டாப்புக்கு இணையம் வராதது மட்டுமில்லை, லேப்டாப்பில் இருந்ததும் போய்விட்டது! போர்ட்டில் பச்சை விளக்கு பாட்டுக்கு மினுங்குகிறது, டெஸ்க்டாப்பின் ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்குகிறது, அதாவது முகவரி கொடுக்க எதிர்முனையில் ஆளே இல்லை. டிக்கை வைஃபைக்கு மாற்றி, தவறான டிக்கால் நிலையான முகவரிக்கு மாறியிருந்த வைஃபையை மறுபடி தானியங்கி முகவரிக்குக் கொண்டுவந்ததும் லேப்டாப்பின் ஈதர்நெட் 192.168.137.1 ஆனது, டெஸ்க்டாப்புக்கும் அதே வரிசையில் ஒரு எண் கிடைத்தது, பக்கங்கள் திறந்தன.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப்புக்கு வைஃபையில் என்ன வருகிறதோ அதைத்தான் இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன, கேபிளால் தடை கிடையாது. ஆனால் டெஸ்க்டாப் லேப்டாப்பின் முதுகுக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கில் ஒளிந்திருப்பதால், வீட்டு வைஃபையில் இருக்கும் பிரின்டர் தானாகத் தென்படாது, வெளியிலிருந்து நேராக இணைய வேண்டிய சில விளையாட்டுகளும் முரண்டு பிடிக்கும். இதற்கு இரண்டு இணைப்புகளையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டும் பிரிட்ஜ் போடலாமே என்று தோன்றும், வைஃபையில் அது பெரும்பாலும் ஏமாற்றும். தன்னிடம் பதிவான கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை) தவிர வேறு எதிலிருந்து வருவதையும் ஆக்ஸஸ் பாயின்ட், அதாவது வைஃபை தரும் ரவுட்டர், சாதாரணமாக ஏற்காது.

பெரிய குறை மறதி. விண்டோஸ் 10-இல் ரீஸ்டார்ட் செய்தால் ஷேரிங் செத்துப்போவது தெரிந்த விஷயம், டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) திருத்தம் வெளியிட்டிருக்கிறது, அதைச் செய்தால் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸ் வகையான உபுன்டுவில் இந்தத் தொல்லை இல்லை, கேபிள் இணைப்பின் ஐபிவி4 பக்கத்தில் மற்ற கணினிகளுடன் பகிர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 10.42.0.1 முகவரியோடு அதுவே பார்த்துக்கொள்ளும், அமைப்பும் நிலைத்திருக்கும். இந்த விஷயத்தில் என் ஓட்டு அதற்குத்தான்.

ஒரு வாரம் சமாளிக்க, டெஸ்க்டாப்பில் அப்டேட் இறக்க, இது தாராளமாகப் போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் அடாப்டரே வாங்கிவிடுங்கள். ஷேரிங் ஓடும்வரை லேப்டாப்பை மூடினாலும் தூங்காதபடி பவர் அமைப்பை மாற்றிவையுங்கள், நான் மாற்றாமல் மூடிவிட்டு டீ போடப் போனதில் 90 சதவீதத்தில் டவுன்லோடு நின்றுகிடந்தது.