தேன்சிட்டு பாக்க வாங்கின 8×42 பைனாகுலர்

ஆறு மாசமா இதுதான் என் கழுத்துல கிடக்கு. 8×42-ன்னா எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலம். விலை 7,200 ரூபாய். 2022-ல ராம்சார் பட்டியல்ல (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளக்கரைக்கு எல்லாரும் நாரை பாக்கப் போவாங்க. நான் இதை வாங்கினது தேன்சிட்டுக்காக.

வீட்டு விளையில தென்னம்பாளை விரிஞ்சா ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வந்திரும். பத்து சென்டிமீட்டர் உடம்பு, ஒரு இடத்துல நிக்காது. முன்ன இருந்த 10×50-ல தேடிப் பிடிக்கதுக்குள்ள பறந்திரும், கையும் ஆடும். இதுல பார்வைப் பரப்பு அகலம். கண்ணுல வச்சதும் சிட்டு உள்ள நிக்கும். ரெண்டு மீட்டர் பக்கத்துலயும் தெளிவு குறையல. திண்ணையில இருந்தே துணிக்கொடியில தொங்குன கூட்டைப் பாத்தேன். சிலந்திவலை நூலு, மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் வச்சு பெட்டைதான் கட்டிச்சு. குஞ்சுக்கு ஊட்டுனது தேன் இல்ல, பூச்சி. வெறுங்கண்ணால இதை எத்தனை வருஷம் தவற விட்டிருக்கேன்!

நிழல்ல கருப்பாத் தெரியுற ஊதாத் தேன்சிட்டு வெயில் பட்டதும் நீலமா மின்னுறதை மங்காமக் காட்டுது. லோட்டன் தேன்சிட்டையும் அந்த நீண்டு வளைஞ்ச அலகை வச்சே சட்டுனு சொல்லிரலாம்.

கண்ணை வச்சுப் பாக்குற பக்கத்துல உள்ள கண்வளையம் நாலாவது மாசமே லூசாயிட்டு. வார் கழுத்தை அறுக்கும், மாத்திட்டேன். மணக்குடி காயல் பக்கம் போனா உப்புக்காத்து லென்ஸ்ல படியும். முதல்ல தூசியை ஊதிட்டு அப்புறமாத் துடைங்க. வாங்கப் போறவங்க, கடையிலயே ரெண்டு மீட்டர் தூரத்துல பொடி எழுத்தை வச்சுப் பாத்திருங்க.