மிகேலின் விதியை நான் ஏன் நம்பவில்லை

‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ என்ற அனிமேஷன் படம் 2023 ஜூனில் வெளியானது. பல இணை உலகங்கள் (மல்டிவெர்ஸ்), ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பைடர்-மேன் என்பதே அதன் களம். எங்கள் வீட்டில் அதைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஸ்பைடர்களுக்குத் தலைவரான மிகேல் ஓஹாரா சொல்வது சரி என்கிறாள் என் மகள். அவர் தவறான முடிவுக்கு வந்துவிட்டார் என்பது என் கட்சி. உலகம் முழுவதும் ரசிகர்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கதையை முழுதாக உடைத்துத்தான் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு முன் 2018இல் வந்த முதல் பாகத்தையும் பார்த்துவிடுங்கள். அது தெரியாமல் இதில் பாதி புரியாது.

மிகேலின் வாதம் இதுதான். ஒவ்வொரு ஸ்பைடர்-மேன் வாழ்விலும் சில இழப்புகள் நடந்தே தீர வேண்டும். நெருங்கிய ஒரு போலீஸ் கேப்டன் சாவது அவற்றில் ஒன்று. அதைத் தடுத்தால் அந்த உலகமே குலைந்துவிடும். கதாநாயகனான இளம் ஸ்பைடர்-மேன் மைல்ஸின் அப்பா ஜெஃப் இன்னும் இரண்டு நாளில் கேப்டன் ஆகப்போகிறார். ஆகவே, அவர் சாவதை மகன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார் மிகேல். ‘முடியாது’ என்கிறான் மைல்ஸ். நூற்றுக்கணக்கான ஸ்பைடர்கள் அவனைத் துரத்தும் அந்த நீண்ட காட்சியில், ஒரு பிள்ளையின் பிடிவாதம் இவ்வளவு நியாயமாக எந்த சூப்பர்ஹீரோ படத்திலும் எனக்குத் தோன்றியதில்லை.

மிகேல் தவறு என்பதற்கு ரசிகர்கள் காட்டும் முதல் சான்று மைல்ஸேதான். அவனைக் கடித்த சிலந்தி 42ஆம் பூமி என்ற வேறோர் உலகத்திலிருந்து வந்தது. அவன் ஸ்பைடர்-மேன் ஆகியிருக்கவே கூடாது, அவன்தான் முதல் பிறழ்வு என்று மிகேலே முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அப்படியானால் மைல்ஸின் உலகம் எப்போதோ அழிந்திருக்க வேண்டாமா? ஒரு கீறலும் இல்லாமல் நிற்கிறதே!

இரண்டாவது, மும்பாட்டன். இந்திய ஸ்பைடர்-மேன் பவித்ர் பிரபாகரின் அந்த ஊரில், மிகேலின் விதிப்படி சாக வேண்டிய இன்ஸ்பெக்டர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றியதும் தரையில் கரிய பள்ளம் திறக்கிறது. மிகேலின் ஆட்கள் இதையே ஆதாரமாக நீட்டுகிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் வில்லன் ஸ்பாட் அங்கிருந்த கொலைடர் என்ற துகள்மோதல் இயந்திரத்தை இயக்கித் தன் உடம்பெங்கும் துளைகளின் சக்தியை ஏற்றிக்கொள்கிறான். துளை போடுவதையே தொழிலாகக் கொண்டவன் வந்துபோன இடத்தில் பள்ளம் விழுந்தால், நான் முதலில் சந்தேகிப்பது அவனைத்தான்.

மைல்ஸின் தோழியும் இன்னொரு ஸ்பைடருமான க்வென்னின் அப்பா விஷயம்தான் என்னை முழுதாகச் சாய்த்தது. மகள் திரும்பி வரும்போது, போலீஸ் வேலையை விட்டுவிட்டதாக ஜார்ஜ் ஸ்டேசி சொல்கிறார். கேப்டனே இல்லையென்றால் கேப்டனின் சாவு எங்கிருந்து வரும்? க்வென்னின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நாம் பார்க்கிறோம். அந்தக் காட்சியின் ஓவியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவளுடைய உலகம் முழுக்க நீர்வண்ணம். அப்பாவும் மகளும் விலகி நிற்கும்போது சுவர்களில் வண்ணம் வழிகிறது, மனம் இளகும்போது பின்னணி மெல்ல நிறம் மாறுகிறது. வசனம் ஒன்றும் கேட்காவிட்டாலும் நான் அழுதிருப்பேன். ஹோபி என்ற ஸ்பைடர், நறுக்கி ஒட்டிய துண்டுப் பிரசுரம் போல அதிர்ந்துகொண்டே திரிவதும், ஸ்பாட்டின் உடலில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடுகள் தெரிவதும் எனக்கு மிகவும் பிடித்தன. ஒவ்வொரு உலகத்துக்கும் ஓர் ஓவியக் கை என்ற முடிவு வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. எந்த உலகத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணே சொல்லிவிடுகிறது. கடைசியில் தன் வீடு என்று நினைத்து மைல்ஸ் 42ஆம் பூமியில் இறங்கிவிட்டான் என்பதை அவனுக்கு முன்பே சிலர் கண்டுபிடித்ததும் அதனால்தான்.

என் மகளின் மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. “அப்பா, அவர் கண்ணால் பார்த்தவர். மகளைக் கையில் வைத்திருக்கும்போதே அவள் மறைந்துபோனாளே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்கிறாள். இறந்துபோன தன் மறுபிரதியின் இடத்தில் மிகேல் போய் வாழ்ந்தார், அந்த உலகம் காப்ரியேலாவோடு சேர்ந்து அழிந்தது. அது நடந்தது உண்மை. அதன் காரணத்தை அவர் புரிந்துகொண்ட விதத்தில்தான் எனக்குச் சந்தேகம். தனக்குச் சொந்தமில்லாத உலகில் ஒருவர் தங்கிவிடுவதும், தன் சொந்த உலகில் ஒருவன் தன் அப்பாவைக் காப்பாற்றுவதும் வேறு வேறு செயல்கள். மிகேல் துக்கத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். “க்வென்னின் உலகத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அது பிழைத்துவிட்டது என்று யார் சொன்னது?” என்கிறாள் அவள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. படம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

42ஆம் பூமியில் எதிர்ப்படும் இன்னொரு மைல்ஸ் நல்லவனா கெட்டவனா என்ற விவாதத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அப்பாவை இழந்த பையன் அவன். அடுத்த பாகத்தில் எப்படியும் நம் மைல்ஸுக்குத் துணை நிற்பான் என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. 140 நிமிடம் ஓடியும் கதை பாதியில் நிற்கிறது. முன்கூட்டித் தெரியாமல் போனவர்களின் கோபம் நியாயமானது. தொடக்கத்தில் பல இடங்களில் இசை வசனத்தை விழுங்குகிறது. திரையரங்குகளுக்குச் சென்ற பிரதிகளிலேயே சில வசனங்களும் அசைவுகளும் மாறியிருந்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். மல்டிவெர்ஸ் கதைக்கு அது பொருத்தமான பரிசு என்றே எனக்குப் பட்டது.

2024 மார்ச்சில் வருவதாக இருந்த மூன்றாம் பாகம் தள்ளிப்போனது. அது வரும்போது ஸ்பாட்டோடு நடக்கும் சண்டையைவிட ஒரு பதிலுக்காகவே போவேன்: காப்ரியேலாவின் உலகம் எதனால் அழிந்தது? அதைச் சொல்லாமல் மிகேலை வெறும் வில்லனாக்கி முடித்தால் என் மகள் மன்னிக்கமாட்டாள், நானும்தான்.