நேர்காணலுக்குத் தனியாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி: சோனி ஐசிடி-பிஎக்ஸ்470

கைபேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாமே, தனியாக ஒரு கருவி எதற்கு என்று பத்திரிகை நண்பர்கள் கேட்பதுண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஒரு மூத்த கலைஞரிடம் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தபோது, நடுவில் வந்த ஓர் அழைப்போடு பதிவு நின்றுபோயிருந்ததைக் கண்ட பிறகுதான் சோனியின் ஐசிடி-பிஎக்ஸ்470 என்ற இந்தச் சிறு கருவியை வாங்கினேன்.

4 ஜிபி உள் நினைவகம் கொண்ட இந்தக் கருவி, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு 'ஏஏஏ' பேட்டரிகளில் இயங்குகிறது. வெளியூர்ப் பயணத்தில் மின்னூட்டியைத் தேட வேண்டாம். பையில் இரண்டு பேட்டரிகள் கூடுதலாக இருந்தால் போதும். எம்பி3 வடிவில் 128 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 58 எம்பி இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. சுருக்கப்படாத எல்பிசிஎம் வடிவிலும் பதியலாம் என்றாலும் அதில் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் போய்விடும். அச்சுக்குப் போகும் நேர்காணலுக்கு அது தேவையற்ற ஆடம்பரம்.

கருவியின் உண்மையான பயன் தெரிந்தது, நாகஸ்வரம் செய்யும் பெரியவர் ஒருவரைச் சந்திக்கத் தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டைக்குப் போயிருந்தபோது. 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரத்தின் ஊர் அது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து வாத்தியம் செய்கிறார்கள். அனுமதி கேட்டுக் கருவியை அவருக்கும் எனக்கும் நடுவே பலகையில் வைத்தேன். முதல் சில நிமிடங்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசியவர், பிறகு அதை மறந்தே போனார். கைபேசி அங்கே கிடந்திருந்தால் திரை ஒளிரும் ஒவ்வொரு முறையும் அவருடைய பார்வை அதன் பக்கம் போயிருக்கும், என்னுடையதும்தான்.

பேச்சின் நடுவே அவர் திடீரென்று ஒரு வாத்தியத்தை எடுத்து ஊதிக் காட்டினார். ஒலிவாங்கியின் உணர்திறனைக் குறைத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பகுதி முழுவதும் கரகரத்துவிட்டது. அது என் கவனக்குறைவே. உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் கருவியில் வசதி இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: குரல் கேட்கும்போது மட்டும் பதியும் தானியங்கி வசதியை நேர்காணலில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒரு கேள்விக்குப் பிறகு பதில் சொல்பவர் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார் என்பதும் எழுதுபவருக்கு வேண்டிய செய்திதான். அந்த வசதி முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

பதிவு செய்வதைவிட, பதிந்ததைக் கேட்டு எழுதுவதுதான் இந்த வேலையில் முதுகை ஒடிப்பது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு நான்கு மணி நேரமாவது ஆகிறது. சோதனையாக ஒரு செயலியிடம் அந்தப் பதிவைக் கொடுத்துப் பார்த்தேன். நாகஸ்வரத்தின் உறுப்புகளின் பெயர்களில், சீவாளி 'சீ வாழி' ஆயிற்று, உலவு 'உளவு' ஆயிற்று, அணசு காணாமலே போயிற்று. ஆகவே காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தக் கருவி நன்றாகவே துணை செய்கிறது. முக்கியமான பேச்சு வரும்போது ஒரு பொத்தானை அழுத்தி அடையாளம் வைத்துக்கொண்டால், பிறகு நேராக அந்த இடத்துக்குத் தாவலாம். குறிப்பேட்டில் நேரத்தை எழுதுவதற்காகத் தலையைக் குனிந்து, பேசுபவரின் முகத்தைத் தவறவிட வேண்டியதில்லை. புரியாத ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். குரலின் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். தஞ்சை வட்டாரப் பேச்சின் விரைவுக்கு இது எனக்குப் பெரிதும் உதவியது.

குறைகள் உண்டு. கணினியோடு இணைக்கும் முனை கருவிக்குள்ளிருந்தே நீண்டு வருவது நல்ல யோசனைதான். ஆனால் அது பழைய பெரிய யுஎஸ்பி வகை என்பதால், டைப்-சி துளை மட்டும் உள்ள மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஓர் இணைப்பியும் வாங்க வேண்டும். கைபேசியைப் போல, எடுத்த பதிவை அங்கிருந்தபடியே ஆசிரியருக்கு அனுப்பவும் முடியாது. மேலே மின்விசிறி ஓடும் அறையிலோ தேநீர்க்கடையிலோ பேச நேர்ந்தால், 3.5 மிமீ துளையில் ஒரு சட்டை ஒலிவாங்கியைச் செருகிக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு இரண்டு நேர்காணல் எடுப்பவர்கள், அழைப்புகள் வராதபடி விமான நிலையில் வைத்த கைபேசியோடு சமாளித்துக்கொள்ளலாம். மாதந்தோறும் எடுப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். நான் இப்போதும் கைபேசியையும் பதிவில் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். ஆனால் அது பைக்குள் இருக்கிறது, அதுவும் பதிகிறது என்பதை எதிரே இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.