சிங்கப்பூரின் லாசரஸ் தீவுக்குப் படகு எடுப்பவர்கள் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்

அம்மாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு 4 மணி நேரம் படகு எடுத்தோம். 12 பேர், 1,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முழுத் தொகையும் முன்கூட்டியே பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில். அந்த வாரம் அதிகாலையிலும் காலையிலும் சுமத்ரா சூறைக்காற்று (சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் பலத்த காற்றும் மழையும்) வரலாம் என்று வானிலை ஆய்வகம் சொல்லியிருந்ததால் ஏஜென்டிடம் கேட்டேன். "அண்ணே, ஒரு தூறல் போட்டுட்டுப் போயிடும். தேதி மாத்தினா பாதிப் பணம் போயிடும்" என்றார். அந்தப் பாதிப் பணத்துக்குப் பயந்துதான் கிளம்பினோம். தப்பு என்னுடையதும்தான்.

8.30க்குக் கிளம்பி லாசரஸ் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டார்கள். கேசரி டப்பாவைத் திறப்பதற்குள் பக்கத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு மேலே வானம் கறுத்தது. ஜில்லென்று ஒரு காற்று, பின்னாலேயே மழை. பக்கத்தில் ஒரு பாய்மரப் படகு நின்றிருந்தது. அது வரவரப் பெரிதாகத் தெரிந்தது. அது நகரவில்லை, நாங்கள்தான் அதை நோக்கிப் போகிறோம் என்பது அத்தான் சொல்லித்தான் புரிந்தது. கேப்டன் உள்ளே கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்!

"எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறாய்?" என்று அந்தப் படகிலிருந்த சீன அங்கிள் கத்தினார். 15 மீட்டராம். அங்கே ஆழமே 6 மீட்டர். காற்றடித்தால் ஆழத்தைப்போல் ஏழு மடங்காவது விட வேண்டும் என்று அங்கிள் திட்டித் தீர்த்தார். சங்கிலி நீளமாகத் தரையில் படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் பக்கவாட்டில் இழுபட்டு மண்ணைக் கவ்வும். குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுத்துப் பெயர்த்துவிடும். எங்களுடையது அடிமண்ணை உழுதுகொண்டே வந்திருக்கிறது. மீதிச் சங்கிலியை அவிழ்த்து விட்ட பிறகுதான் படகு நின்றது.

லைஃப் ஜாக்கெட் 8தான் இருந்தது. குழந்தைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. 5 வயது அக்கா மகனை அத்தான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அம்மா முருகனைக் கூப்பிட்டபடி இருந்தார். காலையில் சாப்பிட்ட இட்லி அநேகமாக எல்லோருக்கும் திரும்பி வந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் காற்று ஓய்ந்தது. சரி, கிளம்பலாம் என்றால் சங்கிலி இழுக்கும் மோட்டார் ஓடவில்லை. கையால் இழுத்து, நங்கூரத்தை எடுத்து, கரை சேரும்போது மணி 2.30. பேசியது 12.30.

இறங்கியதும் 2 மணி நேர ஓவர்டைம் என்று 500 வெள்ளி பில் நீட்டினார்கள். "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒப்பந்தத்தைக் காட்டினார் ஏஜென்ட். காற்றுக்கு நான் அவர்களைக் குறை சொல்லவில்லையே. மோட்டார் பழுதானதும், ஜாக்கெட் குறைந்ததும் காற்றின் வேலையா? அம்மா நடுங்கிக்கொண்டிருந்ததால் கட்டிவிட்டு வந்தேன்.

இப்போது சிறு கோரிக்கைகள் நடுவர்மன்றத்தில் (Small Claims Tribunals) மனுப் போட்டிருக்கிறேன். 5,000 வெள்ளி வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதேபோல ஓவர்டைம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.